பாலத்தின் உயரமும் வண்டியின் பயனும்

மலைநாட்டில் புதிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்படும்போதெல்லாம் நாளிதழ்களில் பெரிய எழுத்தில் வருவது பாலத்தின் உயரம். 2025 ஜூன் 6-ஆம் நாள் காஷ்மீர்ப் பாதையின் கடைசிப் பகுதி திறக்கப்பட்டது. சேனாப் பாலம் ஆற்று மட்டத்திலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, பாரிஸ் நகரத்து ஈபல் கோபுரத்தையும் விஞ்சிவிட்டது என்று அப்போது படித்தோம். அதே ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் மிசோரம் மாநிலத்தின் சைராங் நிலையத்துக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது, அவ்வழியிலுள்ள பாலத் தூண்கள் குதுப் மினாரைவிட உயர்ந்தவை என்று படித்தோம். இவை உண்மை. நம் பொறியாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பெருமை சேர்ப்பவையும்கூட.

ஆனால் அம்மலைகளில் வாழ்பவர் கேட்கும் கேள்வி வேறு. நாளொன்றுக்கு எத்தனை வண்டி? எங்கள் ஊருக்கு அருகில் நிற்குமா? மழைக்காலத்தில் ஓடுமா? நிலையத்தில் இறங்கியபின் வீடு போய்ச் சேர என்ன வழி? இக்கேள்விகளுக்குச் செய்திகளில் விடை கிடைப்பது அரிது.

கரடுமுரடான நிலப்பகுதிகளில் பயணிகள் இரயில் நடைமுறைக்கு ஒத்துவருமா என்னும் வாதத்தில் இரு அணிகள் உண்டு. "ஏன் முடியாது? இதோ கட்டிக் காட்டிவிட்டோமே!" என்கிறது ஓர் அணி. "இத்தனை கோடியைக் கொட்டி ஒரு கிலோமீட்டரா? இது வீண் செலவு!" என்கிறது மற்றோர் அணி. முதல் அணி கட்டுவதையே ஓட்டுவதாக எண்ணிக்கொள்கிறது. இரண்டாம் அணி வரவு செலவுக் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறது. இரு அணிகளின் அளவுகோல்களையும் சற்று உரசிப் பார்ப்போம்.

சமவெளியில் பெற்ற வலிமை

இரயிலின் பலம் எதில் இருக்கிறது? எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது எதிர்ப்பு மிகக் குறைவு. சமதரையில் ஒரு டன் எடையுள்ள இரயில் பெட்டியை நகர்த்த ஏறத்தாழ 4 கிலோகிராம் இழுவிசை போதும். தார்ச்சாலையில் ரப்பர்ச் சக்கரங்களில் ஓடும் பேருந்துக்கு டன்னுக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் வேண்டும். ஆக, சமவெளியில் இரயில் மூன்று மடங்கு சிக்கனமானது.

இப்போது இரண்டையும் மலையேற்றுவோம். 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் சரிவை எடுத்துக்கொள்வோம். இச்சரிவில் ஒவ்வொரு டன் எடையும் ஏறத்தாழ 83 கிலோகிராம் விசையுடன் கீழ்நோக்கி இழுக்கிறது. புவியீர்ப்புக்கு இரயில் என்றும் பேருந்து என்றும் வேறுபாடு கிடையாது. இரயிலுக்கு 83-உடன் 4 சேர்ந்து 87. பேருந்துக்கு 83-உடன் 12 சேர்ந்து 95. சமவெளியில் மூன்று மடங்காக இருந்த சிக்கனம் இங்கே பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது!

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. எதிர்ப்பைக் குறைத்த அதே வழவழப்பு, ஏறும்போது பகையாகிறது. எஞ்சினின் இழுக்கும் ஆற்றல் அதன் சக்கரங்கள் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் வலிமையைப் பொறுத்தது. உலர்ந்த தண்டவாளத்தில் 40 டன் எஞ்சின் ஒன்று தன் எடையில் நாலில் ஒரு பங்கு, அதாவது 10 டன் விசையுடன் இழுக்கலாம். மழைத் தூறலும் இலைச் சாறும் தண்டவாளத்தில் படிந்துவிட்டால் அது 4 டன்னாக இறங்கக்கூடும். மேற்சொன்ன சரிவில் 4 டன் விசையால் ஏற்றக்கூடிய மொத்த எடை ஏறத்தாழ 46 டன். எஞ்சினே 40 டன் என்றால் மிஞ்சுவது 6 டன். ஒரு சிறு பெட்டிக்குக்கூடப் போதாது.

ஆகவே மலை ஒரு விலை கேட்கிறது. அந்த விலையை மூன்று வகையில் கொடுக்கலாம். பாதையை வளைத்து வளைத்து நீட்டிச் சரிவைக் குறைக்கலாம். இது நேரமாகக் கொடுக்கும் விலை. பற்சக்கரத்தைக் கொண்டு பிடித்து ஏறலாம்; இது வேகமாகக் கொடுக்கும் விலை. மலையைக் குடைந்தும் பள்ளத்தைப் பாலத்தால் கடந்தும் பாதையைச் சமமாக்கலாம். இது பணமாகக் கொடுக்கும் விலை. விலையில்லாத நான்காம் வழியைப் பொறியியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

உயரம் வேறு, சரிவு வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். உயரமான இடம் என்றாலே இரயிலுக்குக் கடினம் என்று பலர் எண்ணுகின்றனர். 2006-இல் திபெத்தின் லாசா நகரை எட்டிய சீனப் பாதை 5,072 மீட்டர் உயரத்தில் தங்குலா கணவாயைக் கடக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பீடபூமியின்மேல் செல்வதால் சரிவு மிதமானதே. உறைந்த மண்ணும் மெலிந்த காற்றுமே அங்கே பெரிய இடையூறுகள்.

நம் காஷ்மீரத்திலும் இதையே காணலாம். பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்கு 1,600 மீட்டர் அளவில் உயர்ந்திருந்தாலும் அதன் தரை ஏறத்தாழச் சமமானது. ஆகவே அங்கே 118 கி.மீ. பாதை 2008, 2009 ஆண்டுகளிலேயே திறக்கப்பட்டுவிட்டது. நாட்டின் மற்ற இரயில் பாதைகளோடு அதற்குத் தொடர்பே இல்லை. பெட்டிகளைக் கனரக லாரிகளில் ஏற்றிச் சாலை வழியே கொண்டுபோய்த் தண்டவாளத்தில் இறக்கினார்கள். தனித்துக் கிடந்த அந்தப் பாதையில் மாணவர்களும் அலுவலர்களும் வணிகர்களும் அன்றாடம் பயணம் செய்தார்கள். உலக வியப்பு என்று எவரும் அதைப் பாடவில்லை. ஆனால் மலைநாட்டில் பயணிகள் இரயில் பயன்படும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. பள்ளத்தாக்கின் நெடுகிலும் ஊர்கள் வரிசையாக அமைந்திருந்தன. வண்டி அவ்வூர்களில் நின்று சென்றது. வெற்றியின் இரகசியம் அவ்வளவுதான்.

நீலகிரி கற்பிப்பது என்ன?

பற்களைக் கொண்டு ஏறும் வழிக்கு நம் நீலகிரி இரயிலே சிறந்த எடுத்துக்காட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகமண்டலம் வரை 1908-இலும் பாதை திறக்கப்பட்டது. 46 கி.மீ. தொலைவில் 326 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்துக்கு வண்டி ஏறுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறத்தாழ 20 கி.மீ.க்கு, இரு தண்டவாளங்களின் நடுவே பற்கள் வெட்டிய எஃகுச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் என்னும் பொறியாளர் வகுத்த முறை இது. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் இப்பற்களைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டிதோறும் தடைபோட ஓர் ஆள் நிற்கிறார்.

இந்த ஏற்பாட்டின் நேர்த்தியை வியக்காதவர் இல்லை. யுனெஸ்கோ 2005-இல் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆனால் காலக் கணக்கைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை போய்ச்சேர இவ்வண்டிக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகிறது. பேருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து சேவை நிற்பது வழக்கம். 2009 நவம்பர் மழைக்குப் பிறகு மாதக்கணக்கில் நின்றது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்பாதை போடப்பட்ட நாளில் போட்டி மாட்டுவண்டியும் குதிரைவண்டியுமே. அன்று இது முன்னேற்றம். இன்று இது ஓடும் அருங்காட்சியகம். அருங்காட்சியகத்தைப் போற்றிக் காப்பது நம் கடமை. "நீலகிரியில் ஓடவில்லையா? எங்கள் மலைக்கும் அப்படியே போடுங்கள்" என்பது மட்டும் சரியான வாதமாகாது.

அதே வேளையில், செங்குத்தான சரிவு என்றாலே பற்கள் வேண்டும் என்பதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் செயிண்ட் மோரிட்ஸ் நகரையும் இத்தாலியின் திரானோவையும் இணைக்கும் பெர்னினா பாதை 1910 முதல் இயங்குகிறது. 2,253 மீட்டர் உயரக் கணவாயை அது கடக்கிறது. 14-க்கு 1 என்னும் சரிவில் பற்சட்டம் இல்லாமலே ஏறுகிறது. எப்படி? பெட்டிகளிலேயே மின்மோட்டார்கள் இருக்கின்றன. அவ்வச்சுகளின்மேல் அமரும் பயணிகளின் எடையும் பிடிப்பை வலுப்படுத்துகிறது. சிறிய பெட்டிகள், அடிக்கடி வண்டிகள், நிலையத்தின் வாசலிலேயே காத்திருக்கும் பேருந்துகள் என்பது அந்நாட்டின் ஒழுங்கு. அங்கே இரயில் வெற்றி பெற்றதில் இயந்திரத்துக்கு ஒரு பங்கு என்றால், கால அட்டவணைக்கும் ஒரு பங்கு உண்டு.

பணத்தால் வாங்கிய சமதரை

மூன்றாம் வழியை இந்தியா பெரிய அளவில் கையாண்டது கொங்கண் இரயில்வேயில்தான். 1990-இல் தொடங்கி, ஸ்ரீதரன் தலைமையில் கட்டப்பட்டு, 1998 ஜனவரியில் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. 700 கி.மீ.க்கு மேற்பட்ட அப்பாதையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ஆனால் சரிவு 150-க்கு 1-ஐ மீறவில்லை. டன்னுக்கு 7 கிலோகிராமுக்கும் குறைவான கூடுதல் இழுவை! மலைத்தொடரின் ஓரமாகச் சென்றும் விரைவு வண்டிகள் ஓட முடிந்தது இதனால்தான்.

காஷ்மீரில் இந்த விலை இன்னும் கூடியது. கத்ராவுக்கும் பனிஹாலுக்கும் இடைப்பட்ட 111 கி.மீ.யில் ஏறத்தாழ 97 கி.மீ. சுரங்கம். உதம்பூர் முதல் பாராமுல்லா வரையிலான 272 கி.மீ. திட்டத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ ரூ. 43,780 கோடி, கிலோமீட்டருக்கு ரூ. 160 கோடி அளவில் வருகிறது. சைராங் பாதையும் 51 கி.மீ.க்கு ஏறத்தாழ ரூ. 8,070 கோடி வாங்கிற்று. சராசரி கிட்டத்தட்ட அதே அளவுதான். மனித உயிர்களும் இக்கணக்கில் சேர்ந்துள்ளன. 2023 ஆகஸ்டில் சைராங் அருகே கட்டுமானத்தில் இருந்த பாலத்தில் நேர்ந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர்.

சுரங்கப் பாதையில் ஒரு முரண்பாடும் உண்டு. அது மலையின் இரு முனைகளை இணைக்கிறது. மலையின்மேல் வாழ்பவர்களின் காலடியில் புதைந்து செல்கிறது. கத்ரா–பனிஹால் பகுதியில் பணிக்காக 200 கி.மீ.க்கும் மேற்பட்ட அணுகு சாலைகள் போடப்பட்டன. வாகனமே எட்டாத சிற்றூர்கள் பலவற்றுக்கு முதன்முதல் வழி பிறந்தது அச்சாலைகளால்தான். இரயில் திட்டம் அவ்வூர்களுக்குத் தந்த பெரும் நன்மை தண்டவாளத்தால் வந்ததன்று என்பது சிந்திக்கத்தக்கது.

கட்டிய பின் வருவது

பெருமை பேசும் அணி மறப்பது இதைத்தான்: மலை திறப்பு விழாவுடன் நின்றுவிடுவதில்லை. அது ஆண்டுதோறும் மழை பெறுகிறது. வெட்டிய சரிவு ஒவ்வொன்றும் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. மழைநீர் மண்ணின் இடைவெளிகளில் நிறையும்போது மண்துகள்களின் பிடிப்புத் தளர்கிறது, எடையோ கூடுகிறது. சரிவு நழுவுகிறது. சாலையில் கல் விழுந்தால் ஓட்டுநர் திருப்பலாம், நிறுத்தலாம். இரயில் ஓட்டுநருக்குத் திருப்ப வழியில்லை. வழுக்கும் தண்டவாளத்தில் நிறுத்த நெடுந்தூரம் வேண்டும்.

கொங்கண் பாதை இதை இரத்தத்தால் கற்றது. 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே பாறை விழுந்து வண்டி தடம்புரண்டதில் ஐம்பது பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த ஆண்டு ஜூனில் மீண்டும் பாறைகளால் ஒரு விபத்து நேர்ந்து, பெட்டிகள் பாலத்திலிருந்து விழுந்தன. அதன்பின் சரிவுகள் சீவப்பட்டன. பாறைகளுக்கு எஃகு வலை கட்டப்பட்டது. மழைக்காலத்துக்கெனத் தனிக் கால அட்டவணை வந்தது. கடும் மழையில் வேகம் மணிக்கு 40 கி.மீ.க்குக் குறைக்கப்படுகிறது. இரவும் பகலும் விளக்கேந்தி நடக்கும் பாதைக் காவலர்களே அவ்வழியின் உண்மையான பாதுகாப்பு. அவர்களின் ஊதியமும் பாதையின் விலையில் ஒரு பகுதிதான்.

அசாமின் லம்டிங்–பதர்பூர் மலைப்பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2015-இல் திறக்கப்பட்டது. 2022 மே மாத மழையில் நியூ ஹாஃப்லாங் நிலையத்தில் நின்ற பெட்டிகளைச் சேற்று வெள்ளம் கவிழ்த்தது. பாதை சீராக ஏறத்தாழ இரு மாதங்கள் ஆயின. திரிபுரா, மிசோரம், பராக் பள்ளத்தாக்கு ஆகியவற்றுக்குப் பொருள்கள் போகும் இரயில் வழி அது ஒன்றே. அதே ஆண்டு ஆகஸ்டில், 1929-இல் திறக்கப்பட்ட காங்ரா பள்ளத்தாக்குக் குறும்பாதையின் சக்கி ஆற்றுப் பாலம் வெள்ளத்தில் விழுந்தது. 164 கி.மீ. பாதைக்கு ஒரு பாலம் போனது. ஆண்டுக்கணக்கில் பதான்கோட் தொடர்பு அறுந்து கிடந்தது. மலைப்பாதை ஒரு சங்கிலி. அதன் வலிமை மிக உறுதியான கண்ணியில் இல்லை. மிக நலிந்த கண்ணியில்தான் இருக்கிறது.

நட்டக் கணக்கின் நட்டம்

அப்படியானால் நட்டம் என்று சொல்லும் அணியே சரியா? அதுவும் இல்லை. பயணச்சீட்டு வருவாயைக் கொண்டு மட்டும் மலை இரயிலை எடைபோடுபவர்கள், சாலையை ஏன் அத்தராசில் வைப்பதில்லை? மலைச்சாலையின் மண்சரிவை அகற்றுவதும் தடுப்புச்சுவர் எழுப்புவதும் பொதுப் பணத்தில்தான் நடக்கின்றன. சாலை இலாபம் தரவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பயணிகள் வண்டியின் நட்டத்தைச் சரக்குக் கட்டணத்தால் ஈடுகட்டுவது இந்திய இரயில்வேயின் நெடுநாள் வழக்கமும் ஆகும். ஆகவே பயணிகளை மட்டும் தனியே பிரித்து எடைபோடுவதே தவறு.

2025 ஆகஸ்டு இறுதியில் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை மண்சரிவால் அடைபட்டது. ஆப்பிள் ஏற்றிய லாரிகள் வழியில் தேங்கின, பழங்கள் அழுகின. செப்டம்பரில் பட்காம் நிலையத்திலிருந்து டெல்லிக்குப் பழங்களை ஏற்றிய வண்டிகள் புறப்பட்டன. பழத்தோட்டக்காரருக்கு அந்நாட்களில் இரயிலின் மதிப்பு என்ன என்பதை எந்தப் பயணச்சீட்டுக் கணக்கும் காட்டாது. அதே மழையில் ஜம்மு வட்டாரத்தில் இரயில்களும் பல நாட்கள் நின்றன என்பதையும் மறைக்கக்கூடாது. சாலையும் இரயிலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்று வீழும்போது மற்றது தாங்கவேண்டும். இரண்டும் ஒரே மழையில் வீழும்படி இருந்தால் இரண்டின் செலவும் பாதி வீண்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு மலைக்கு இரயில் தகுமா என்று அறியச் சில கேள்விகள் போதும். முதலாவது, மக்கள் பள்ளத்தாக்கின் நெடுகிலும் வரிசையாக வாழ்கிறார்களா, சரிவுகளில் சிதறி வாழ்கிறார்களா? வரிசையாக என்றால் இரயில். சிதறி என்றால் நல்ல சாலையும் சிறு பேருந்தும். செங்குத்தான குறுந்தொலைவுக்குக் கம்பிவட ஊர்தி உண்டு. பழனி மலையில் அதை நாம் கண்டிருக்கிறோம். பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2014 முதல் அதுவே அன்றாட நகரப் போக்குவரத்தாகியுள்ளது. இரண்டாவது, ஏற்றி இறக்கச் சரக்கு உண்டா? மூன்றாவது, கட்டும் செலவோடு அடுத்த முப்பது ஆண்டுப் பராமரிப்புச் செலவும் திட்டத்தில் எழுதப்பட்டதா? நான்காவது, நாளொன்றுக்கு எத்தனை வண்டி, நிலையத்திலிருந்து ஊருக்கு எந்தப் பேருந்து? சைராங் நிலையம் ஐஸ்வால் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தள்ளி இருக்கிறது. அந்த 20 கி.மீ. மலைச்சாலை சீராக இல்லையெனில், முந்திய 51 கி.மீ.க்குக் கொடுத்த விலையின் பயன் வழியிலேயே சிந்திவிடும்.

இக்கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்கும் இடத்தில், எத்தனை கரடுமுரடான நிலமானாலும் பயணிகள் இரயில் நடைமுறைக்கு உகந்ததே. விடை கிடைக்காத இடத்தில் பாலம் எத்தனை மீட்டர் உயர்ந்தாலும் அது படம் எடுக்கவே பயன்படும். அடுத்த மலைப்பாதை திறக்கப்படும் நாளில் பாலத்தின் உயரத்தோடு வண்டியின் கால அட்டவணையையும் நாளிதழ்கள் அச்சிடட்டும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு வண்டி நிற்கும் என்பதை அறிந்துகொள்ளும் உரிமை, அந்த மலையின் மண்சரிவுகளுக்கு இடையே வாழ்பவர்களுக்கு முதலில் உண்டு.